ஹோம் கோப்புறைக்கும் ஒரு காவல் வேண்டும்: லினக்ஸ் வழங்கல்களை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் வழங்கல்களை உருவாக்குகிற, பராமரிக்கிற அன்பர்களுக்கு,

வணக்கம்.

பதினாறு வருடங்களாக என் பிழைப்பு உங்கள் உழைப்பின் மேல்தான் நடக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் (லினக்ஸையும் அதற்கான மென்பொருள்களையும் ஒன்றாகத் தொகுத்துத் தருவது) தொடங்கி, நடுவில் ஃபெடோரா, ஓப்பன்சூசே என்று சுற்றிவிட்டு மறுபடி டெபியனுக்கே வந்து சேர்ந்தவன் நான். உங்களில் பலர் சம்பளம் எதுவும் இல்லாமல், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்கிறீர்கள் என்று தெரியும். அதனால் இந்த மடலைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு நாள் மாலை அக்கா கூப்பிட்டாள். "லேப்டாப் ஆன் ஆகுதுடா, ஆனா கறுப்புத் திரையிலேயே நிக்குது" என்றாள். போய்ப் பார்த்தேன். பயாஸ் திரையில் வட்டின் பெயரே வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பே கடகடவென்று சத்தம் போடும், கோப்பு திறக்கத் திணறும், நமக்கும் ஏதோ சரியில்லை என்று உறைக்கும். எஸ்எஸ்டி பல சமயம் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. காலையில் நன்றாக இருந்தது, மாலையில் போய்விட்டது, அவ்வளவுதான்.

புதிதாக ஒரு எஸ்எஸ்டியை மாட்டி, பென் டிரைவிலிருந்து டெபியனை நிறுவினேன். அக்காவுக்கு முதன்முதலில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த அன்று, 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' என்ற கட்டளை தந்த பட்டியலை என் கணினியில் ஒரு கோப்பாக வைத்திருந்தேன். நாமாகக் கேட்டு நிறுவிய பேக்கேஜ்களின் (மென்பொருள் பொதிகளின்) பெயர்கள் மட்டும் அதில் இருக்கும். அவற்றுக்குத் துணையாகத் தானாக வந்தவை இருக்காது. அந்தப் பட்டியலை, பேக்கேஜ்களைக் கொண்டுவந்து நிறுவும் ஆப்ட்டிடம் கொடுத்தேன். காத்திருந்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. லிப்ரே ஆபிஸ், தமிழ் விசைப்பலகை, எழுத்துருக்கள், அகராதிச் செயலி, பிரிண்டர் டிரைவர் என்று எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்துவிட்டன. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மெதுவாகக் கேட்டாள்: "சரிடா, என் சொற்பட்டியல் எங்க?"

அக்கா மொழிபெயர்ப்பாளர். ஆறு வருடங்களாக ஒரு விரிதாளில் கலைச்சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். ஏறக்குறைய ஒன்பதாயிரம் வரிசைகள். மூலச்சொல், அவள் தேர்ந்தெடுத்த தமிழ்ச்சொல், அதை ஏன் எடுத்தாள், எந்தச் சொல்லை ஏன் தள்ளினாள் என்ற குறிப்பு. அந்தக் குறிப்புகள்தான் அவளுடைய உண்மையான சொத்து. தேடித்தேடிக் கடைசியில், இன்னொரு மொழிபெயர்ப்பாளருக்கு அவள் மின்னஞ்சலில் அனுப்பிய ஒரு பழைய பதிப்பு கிடைத்தது. பதினான்கு மாதத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு சேர்த்த எதுவும் இல்லை.

பேக்கேஜ் பட்டியலைப் பத்திரப்படுத்தத் தோன்றிய எனக்கு, அவளுடைய கோப்புகளைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. உலகத்தில் எத்தனையோ மிரர்களில் (நகல் சேவையகங்களில்) கிடைக்கும் மென்பொருளுக்கு நான் காவல் இருந்திருக்கிறேன். ஒரே ஒரு வட்டில் இருந்த பொருளைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதோடு, நான் செய்த இதே தவறு உங்கள் வழங்கல்களின் அமைப்புக்குள்ளும் இருப்பதைக் கொஞ்ச நாள் கழித்துக் கவனித்தேன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

டெபியன் கணினியில் வார் கோப்புறைக்குள் பேக்கப்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கிறது. திறந்து பாருங்கள். டிபிகேஜி ஸ்டேட்டஸ் என்ற பெயரில் வரிசையாகக் கோப்புகள், 0 முதல் 6 வரை எண் போட்டு, பழையவை சுருக்கப்பட்டு இருக்கும். எந்தெந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பில், என்ன நிலையில் இருக்கிறது என்ற தரவுத்தளத்தின் காப்பு நகல்கள் அவை. தினமும் ஒரு வேலை தானாக ஓடி, மாற்றம் இருந்தால் புது நகல் எடுத்து, பழையதைத் தள்ளிவிடுகிறது. யாரும் கேட்கவில்லை, யாரும் அமைக்கவில்லை. நிறுவிய நாளிலிருந்தே நடக்கிறது. பேக்கேஜ் மேனேஜர் தன் நினைவுக்கு ஏழு நகல் வைத்துக்கொள்கிறது. அதே கணினியில் உட்கார்ந்து ஒன்பதாயிரம் சொல் சேர்த்தவளுக்கு ஒரு நகல்கூட இல்லை. (அந்த ஏழும் அதே வட்டில்தான் இருக்கின்றன என்பதால், வட்டு போனால் அவையும் போகும். அது வேறு விஷயம்.)

உங்களுக்குப் பொறுப்பில்லை என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். நீங்கள் எவ்வளவு நுணுக்கமாக யோசிப்பவர்கள் என்பதற்கு, பேக்கேஜைப் பிரித்துக் கணினியில் நிறுவும் டிபிகேஜி ஒன்றே போதும். அமைவுக் கோப்பு ஒன்றில் நான் ஒரு வரியை மாற்றியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் கழித்து அந்தப் பேக்கேஜின் புதிய பதிப்பு வருகிறது, அதிலும் அந்த அமைவுக் கோப்பு மாறியிருக்கிறது. டிபிகேஜி அப்படியே நின்றுவிடும். "நீங்கள் இதை மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜைச் செய்தவர்களும் மாற்றியிருக்கிறார்கள், என்ன செய்யட்டும்?" என்று கேட்கும். வித்தியாசத்தைக் காட்டு என்றால் காட்டும். ஒன்றும் சொல்லாமல் என்டர் தட்டினால் என்னுடைய பதிப்பையே வைத்துக்கொள்ளும். ஆர்பிஎம் வகைப் பேக்கேஜ்களைப் பயன்படுத்தும் வழங்கல்களிலும் ஆர்ச் லினக்ஸிலும் இதற்கு வேறு வேறு பெயரில் கோப்பை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. நான் மாற்றிய ஒரு வரிக்கு இவ்வளவு மரியாதை!

இன்னும் இருக்கிறது. அமைப்புக்கு அத்தியாவசியமான பேக்கேஜை நீக்கப் பார்த்தால், வெறும் 'ஒய்' தட்டுவதை ஆப்ட் நெடுங்காலம் ஏற்கவில்லை. 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருளில் ஒரு முழு வாக்கியத்தையே எழுதச் சொல்லி மிரட்டியது. 2023இல் வந்த டெபியன் 12இல், பைத்தான் மொழிக்கான பேக்கேஜ்களை நிறுவும் பிப் கொண்டு அமைப்பின் பைத்தானுக்குள் எதையாவது திணிக்கப் போனால், "இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார்" என்று தடுத்து, தனிச் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்படி வழிகாட்டியது. முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் யோசித்தால், அதற்கு முன் எத்தனை கணினிகளை அப்படிக் கெடுத்து, மறுபடி நிறுவியிருக்கிறேன்! நீங்கள் போட்ட தடை சரியானது.

வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கும் உங்களிடம் விழிப்பு இருக்கிறது. பேக்கேஜ் களஞ்சியத்தின் பட்டியலில் கையொப்பம், ஒவ்வொரு பேக்கேஜுக்கும் சரிபார்ப்பு எண். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்துக்குள் ஒளிந்திருந்த பின்கதவு நினைவிருக்கும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நுழைவுக்கு ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் தோண்டிப் பார்த்ததால், 5.6.0, 5.6.1 என்ற அந்த இரண்டு பதிப்புகளும் டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் நுழையும் முன்பே பிடிபட்டன. அரை விநாடியைக் கூட விட்டுவிடாத சமூகம் இது.

சரி, இவ்வளவு அக்கறை இருக்கும் இடத்தில், பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறை மட்டும் ஏன் தனியாக நிற்கிறது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பயனரின் ஹோமைப் பேக்கேஜ்கள் தொடக்கூடாது என்பது உங்களுக்குள் நெடுநாளாக இருக்கும் கட்டுப்பாடு. ஒரு பேக்கேஜை அடியோடு 'பர்ஜ்' செய்தாலும், என் ஹோமில் அந்தச் செயலி விட்டுப்போன அமைவுகள் அப்படியே இருக்கும். அது என் வீடு, நீங்கள் உள்ளே வரமாட்டீர்கள். மிக நல்ல பண்பு. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பண்பு நாளடைவில் வேறு ஏதோவாக ஆகிவிட்டது. உள்ளே வராதவர்கள் வாசலில் நின்று, "வீட்டுக்கு இன்னொரு சாவி யாரிடமாவது கொடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்றுகூடக் கேட்பதில்லை.

நிறுவியை நினைத்துப் பாருங்கள். மொழி கேட்கிறது. நேர மண்டலம் கேட்கிறது. விசைப்பலகை எது, கணினிக்கு என்ன பெயர், வட்டை எப்படிப் பிரிப்பது, மறைக்குறியாக்கம் வேண்டுமா என்று எல்லாம் கேட்கிறது. டெபியன், எந்தப் பேக்கேஜ்களைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற புள்ளிவிவரத்தை அனுப்பலாமா என்றுகூட ஒரு திரையில் கேட்கிறது. நேர மண்டலம் தப்பானால் இரண்டு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். பிற்பாடு மாற்றவே முடியாத ஒரு இழப்பைப் பற்றி மட்டும் கேள்வி இல்லை.

என் வேண்டுகோள் இதுதான்: நிறுவும்போதோ, முதல் முறை உள்ளே நுழையும்போதோ, "உங்கள் கோப்புகளின் இரண்டாவது நகல் எங்கே இருக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் அங்கேயே அமைத்துக் கொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, சில நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள்.

இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் எழுத வேண்டியதில்லை. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் 1996இல் இருந்தே இருக்கிறது. போர்க், ரெஸ்டிக், டூப்ளிசிட்டி என்று மறைக்குறியாக்கத்தோடு, மாறிய பகுதியை மட்டும் எடுக்கும் அருமையான கருவிகள் எல்லாம் உங்கள் களஞ்சியங்களில் இப்போதே கிடக்கின்றன. டெபியன் 12இல் இருந்த 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்களுக்கு நடுவே, தேடினால் கிடைக்கும் இடத்தில். ஆனால் தேடுகிறவன் ஏற்கெனவே ஒருமுறை இழந்தவன். அக்காவைப் போன்றவர்களுக்கு அந்தப் பெயர்களே தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"ஸ்னாப்ஷாட் (அமைப்பின் அந்நேர நிலையைப் பிடித்த படம்) கொடுத்திருக்கிறோமே" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உண்மைதான், லினக்ஸ் மின்ட்டின் வரவேற்புத் திரையே டைம்ஷிஃப்ட் என்ற ஸ்னாப்ஷாட் கருவியை அமைக்கச் சொல்லி நினைவூட்டுகிறது. ஓப்பன்சூசேயில் ஸ்னாப்பர், ஒவ்வொரு பேக்கேஜ் மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் தானாகப் படம் பிடித்துக்கொள்கிறது. ஒரு மோசமான அப்டேட்டிலிருந்து அது என்னை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது, அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோமை விட்டுவிடுகிறது. ஸ்னாப்பரின் இயல்பான அமைப்பிலும் ஹோம் வெளியே. அது தவறு என்று சொல்லமாட்டேன்: அமைப்பை நேற்றைய நிலைக்குத் தள்ளும்போது நேற்று இரவு எழுதிய கடிதமும் சேர்ந்து போய்விடக்கூடாதே. சிக்கல் வேறு இடத்தில். பயனர் அந்தத் திரையைப் பார்த்து, 'அப்பாடா, பேக்கப் ஆகிறது' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார். ஸ்னாப்பர் பயன்படுத்தும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் படங்களோ அதே வட்டில் இருப்பவை. வட்டோடு சேர்ந்தே போகும். அந்த இடத்தில் ஒரு வரி சேருங்கள்: "இது உங்கள் சொந்தக் கோப்புகளைக் காப்பாற்றாது." அதன் பக்கத்திலேயே, காப்பாற்றும் கருவிக்கு ஒரு பொத்தான்.

"தெரிந்தவர்கள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளலாமே" என்பார்கள் இன்னும் சிலர். நானும் எழுதியவன்தான். அது என்ன ஆனது என்று சொல்கிறேன். ஒரு வெளி வட்டில் புகைப்படங்கள். அதை இன்னொரு வட்டுக்கு ஆர்சிங்க் தினமும் இரவில் நகலெடுக்கும். மூலத்தில் அழித்தது நகலிலும் அழியட்டும் என்று 'டிலீட்' விருப்பத்தையும் சேர்த்திருந்தேன். ஒரு நாள் மின்சாரம் போய் வந்ததில் முதல் வட்டு மவுன்ட் ஆகவில்லை (கோப்பு முறைமையோடு இணையவில்லை). மவுன்ட் ஆகும் இடம் காலிக் கோப்புறையாக நின்றது. இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் வந்து பார்த்தது: மூலம் காலி. சொன்னதைச் செய்தது. காலையில் நகலும் காலி. முதல் வட்டு நன்றாக இருந்ததால் பிழைத்தேன். அந்த இரண்டும் ஒரே வாரத்தில் போயிருந்தால்?

அந்தப் பிழையைச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. 2013இல் கேடிஇ என்ற டெஸ்க்டாப் திட்டத்தின், நிரல்களைச் சேமிக்கும் கிட் சேவையகத்தில் கோப்பு முறைமை பழுதானபோது, மிரர்கள் அந்தப் பழுதையும் அப்படியே நகலெடுக்கத் தொடங்கின. ஏறக்குறைய 1500 நிரல் களஞ்சியங்கள் போயிருக்க வேண்டியவை. சரியான நகல் ஒரு மிரரில் தற்செயலாக மிஞ்சியிருந்ததால் தப்பித்தன. மிரர் வேறு, பழைய பதிப்புகளைத் தாங்கி நிற்கும் காப்பு வேறு என்பதைத் தேர்ந்த கைகளே இவ்வளவு விலை கொடுத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. பயனர்கள் தனித்தனியாக ஒவ்வொருவரும் அந்த விலையைக் கொடுக்க வேண்டுமா? வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கிரானும் ஆர்சிங்க்கும் தெரிந்த எனக்கே இந்த கதி என்றால், நன்கு சோதித்த ஒரே வழியை வழங்கலே கொடுப்பது எவ்வளவு பெரிய உதவி!

எதை எல்லாம் எடுக்க வேண்டும் என்ற அறிவும் உங்களிடம்தான் இருக்கிறது. சாதாரணமாக ஒருவர் பேக்கப் எடுக்கிறேன் என்று உட்கார்ந்தால் ஆவணங்கள், படங்கள் என்ற இரண்டு கோப்புறைகளை இழுத்து வெளி வட்டில் போடுவார். தண்டர்பேர்ட் அஞ்சல் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புறையில் இருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. எஸ்எஸ்எச் சாவிகள், ஜிபிஜி சாவிகள், உலாவியின் புத்தகக்குறிகள் எல்லாம் அப்படித்தான். ஃப்ளாட்பேக் என்ற தனிப் பேக்கேஜ் முறையில் வரும் செயலிகள் தங்கள் தரவை '.வார்' என்ற இன்னொரு மறைகோப்புறைக்குள் வைக்கின்றன. ஸ்னாப் என்ற இன்னொரு பேக்கேஜ் முறை தனியாக ஒரு கோப்புறை வைத்திருக்கிறது. மறுபக்கம், '.கேஷ்' கோப்புறையில் பல ஜிபி குப்பை இருக்கும், அதை எடுக்கவே கூடாது. இதெல்லாம் உங்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. பயனருக்கு இது காடு.

பேக்கேஜ் பட்டியலையும் அந்தக் காப்பிலேயே சேர்த்துவிடுங்கள். ஷோமேனுவல் பட்டியல், சேர்த்த வெளிக் களஞ்சியங்கள், அவற்றின் சாவிகள், ஃப்ளாட்பேக் பட்டியல், அமைவுக் கோப்புகள் இருக்கும் இடிசி கோப்புறையில் பயனர் மாற்றியவை மட்டும். எது மாறியது என்று டிபிகேஜிக்குத்தான் தெரியுமே! இவை எல்லாம் சேர்ந்தாலும் சில எம்பிகூடத் தாண்டாது. பேக்கேஜ்களையே நகலெடுக்கத் தேவையில்லை. அவற்றை மறுபடி தருவதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். பேக்கேஜ் மேனேஜரும் காப்புக் கருவியும் ஒன்றையொன்று அறிந்திருந்தால் எவ்வளவு இடம் மிச்சம், எவ்வளவு நேரம் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பவர்கள் நீங்கள். வேறு யாரும் இதை இவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது.

மறைக்குறியாக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவியில் ஒரே டிக்கில் முழு வட்டையும் லக்ஸ் என்ற மறைக்குறியாக்க முறை கொண்டு பூட்டிக் கொடுக்கிறீர்கள், மிக நல்லது. ஆனால் லக்ஸின் தலைப்பகுதி கெட்டுப்போனால், கடவுச்சொல் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது திரும்பாது. அந்தத் தலைப்பகுதியை நகலெடுக்க லக்ஸை நிர்வகிக்கும் கிரிப்ட்செட்டப்பில் கட்டளை இருக்கிறது. நிறுவி அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பூட்டைக் கொடுக்கும் அதே திரையில் இதையும் கேட்டுவிடலாம்.

இன்னொன்று இருக்கிறது, இதை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்: திரும்ப எடுத்துப் பார்ப்பது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களை இணையத்தில் வைக்க உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சேவையகத்தில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். அவர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட காப்பு ஏற்பாடுகள் இருந்தன. போய்ப் பார்த்தால் தினசரி எடுக்கப்பட வேண்டிய காப்பு பல நாளாக எடுக்கப்படவே இல்லை. கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றுவிட்டது என்று சொல்ல வந்த மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. அதே நாளில் ஒருவர் வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு போனதோடு முடிந்தது. நடந்ததை ஒளிக்காமல் முழுக்க எழுதி வெளியிட்ட அவர்களை மதிக்கிறேன். அவ்வளவு பேர் வேலை செய்யும் இடத்திலேயே இப்படி என்றால், தனி ஆளின் மடிக்கணினியில் மூன்று வருடமாக 'ஓடிக்கொண்டிருக்கும்' ஒரு காப்பு உண்மையில் ஓடுகிறதா என்று யார் பார்ப்பது?

க்னோம் டெஸ்க்டாப்புக்காக எழுதப்பட்ட தேஜா டூப் என்ற காப்புக் கருவி இதை அழகாகச் செய்கிறது. அவ்வப்போது, "அவசரத்தில் உங்கள் கோப்புகளை மீட்க முடியுமா என்று சோதித்துப் பார்க்க, மறைக்குறியாக்கக் கடவுச்சொல்லை மறுபடி கொடுங்கள்" என்று கேட்டு, சின்னதாக ஒரு மீட்புச் சோதனை செய்துகொள்கிறது. கடவுச்சொல்லை மறந்திருந்தால் அன்றே தெரிந்துவிடும், வட்டு போன அன்று இல்லை. அதை எழுதியவர் யாராக இருந்தாலும், அனுபவப்பட்ட மனிதர். எல்லா வழங்கல்களிலும் எல்லாக் காப்புக் கருவிகளும் இப்படிக் கேட்கட்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் என்றால் பயனரின் சுதந்திரம், அவர் கணினியில் எது ஓட வேண்டும் என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும், நாம் திணிக்கக்கூடாது. ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்திலேயே உத்தரவாதம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறது, தரவு போனால் நாங்கள் பொறுப்பில்லை. சரி. சட்டப்படி நீங்கள் பொறுப்பில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரிடமும் நஷ்டஈடு கேட்டு இதை எழுதவில்லை. ஆனால் 1997இல் டெபியன் எழுதிய சமூக ஒப்பந்தத்தின் நான்காவது வாசகம், எங்கள் முன்னுரிமை எங்கள் பயனர்களும் கட்டற்ற மென்பொருளும்தான் என்கிறது. பயனர்கள் என்ற சொல் அங்கே முதலில் வருகிறது. அந்த வாசகத்தை நம்பித்தான் இதைக் கேட்கிறேன்.

கேள்வி கேட்பது திணிப்பு ஆகாது. 'வேண்டாம்' என்ற பதிலும் சுதந்திரம்தான், கேட்கப்பட்ட பிறகு. யாரும் கேட்காமலே இருந்துவிட்டால், அக்கா எந்த முடிவையும் எடுக்கவில்லை. அவளுக்காக நாம் எடுத்துவிட்டோம். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவளைக் கட்டற்ற மென்பொருளுக்கு அழைத்து வரும்போது நான் சொன்னதெல்லாம், "இங்கே உன் கோப்பு உன்னுடையது, எந்த நிறுவனமும் கதவைப் பூட்டி வைக்க முடியாது" என்பதுதான். அது உண்மை. திறந்த வடிவத்தில் சேமித்த அவளுடைய விரிதாளைப் பதினான்கு மாதம் கழித்து எந்தக் கணினியிலும் திறக்க முடிந்தது. ஆனால் கோப்பே இல்லாமல் போனவளிடம் கோப்பின் சுதந்திரத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை.

நேரம் இல்லை, ஆள் இல்லை என்ற பதிலைத்தான் நான் உண்மையாக மதிக்கிறேன். ஒரு வெளியீட்டுக்குப் பின்னால் எத்தனை பிழை அறிக்கைகள் காத்திருக்கும் என்று ஓரளவு தெரியும். அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த வெளியீட்டுக்கு ஒரு திரை. வெளி வட்டு, இன்னொரு கணினி என்ற இரண்டு வழிகள் மட்டும் போதும், மேகச் சேவைகள் எல்லாம் பிறகு வரட்டும். வட்டு எப்போதும் செருகியே இருக்கக்கூடாது என்று ஒரு வரி அதில் இருந்தால் நல்லது. மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் சேர்ந்து போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்புச் சோதனை. கடைசியாக வெற்றி பெற்ற காப்பு எந்தத் தேதி என்று அமைப்புகளில் கண்ணில் படும் ஒரு வரி. அவ்வளவுதான்.

என்னால் முடிந்ததையும் சொல்லிவிடுகிறேன். சோதனைப் பதிப்பு வந்தால் மூன்று பழைய கணினிகளில் நிறுவி, வட்டைக் கழற்றி, மீட்டெடுத்துப் பார்த்துப் பிழை அறிக்கை எழுதுவேன். தமிழ் மொழிபெயர்ப்பு முழுவதையும் நானும் அக்காவும் செய்து தருகிறோம். அந்தத் திரைக்கான வாசகத்தை அவள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாள். இணைத்திருக்கிறேன்:

"உங்கள் கோப்புகளின் இரண்டாவது நகல் எங்கே இருக்க வேண்டும்?

இந்தக் கணினியின் வட்டு ஒருநாள் பழுதாகும். அப்போது மென்பொருளை நாங்கள் திருப்பித் தருவோம். நீங்கள் எழுதியதையும் எடுத்த படங்களையும் எங்களால் தர முடியாது.

ஒரு வெளி வட்டில் வைக்கிறேன்.
இன்னொரு கணினியில் வைக்கிறேன்.
இப்போது வேண்டாம், ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள்."

மூன்றாவது தெரிவில் அவள் முதலில் 'வேண்டாம்' என்று மட்டும்தான் எழுதியிருந்தாள். ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள் என்பதைப் பிறகு பேனாவால் சேர்த்தாள்.

நன்றியுடன்,
உங்கள் வழங்கல்களின் பயனர் ஒருவன்